கொலம்போவின் பிற்காலப் படங்கள்: மலிவாகக் கிடைக்கும் பிரித்தானியப் பெட்டியை வாங்கலாமா?

கேள்வி: கனடாவின் ஸ்கார்பரோவில் வசிக்கும் என் தந்தையார், பீட்டர் ஃபால்க் நடித்த 'கொலம்போ' துப்பறியும் தொடரின் தீவிர ரசிகர். 1970-களில் வந்த பகுதிகளின் தொகுப்பு அவரிடம் உள்ளது. பின்னாளில் வந்த சிறப்புப் படங்களைப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தர விரும்புகிறேன். இங்கிலாந்தில் ஒருவர், முழுத் தொடரும் அடங்கிய பழைய டிவிடி பெட்டியை இணையத்தில் குறைந்த விலைக்கு விற்கிறார். அதை வாங்கலாமா? அந்தப் படங்கள் காசு கொடுத்து வாங்கும் அளவுக்குத் தரமானவைதாமா?

பதில்: படங்களை வாங்குங்கள், அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.

பெட்டியின் பின்புறப் படத்தை அனுப்பும்படி விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். சிறிய உலக உருண்டைக்குள் 2 என்ற எண்ணும், அருகில் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையின் ஆங்கில எழுத்துகளும் இருக்கும். அந்த 2, வட்டு எந்த விற்பனை மண்டலத்துக்கு உரியது என்பதைக் குறிக்கும் எண். கனடாவில் விற்கப்படும் டிவிடி கருவிகள் 1-ஆம் மண்டலத்துக்கு உரியவை என்பதால், எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்கும் கருவி வீட்டில் இருந்தாலொழிய, உங்கள் தந்தையார் பெட்டியைத் திறந்து வட்டைப் போட்டதும் திரையில் பிழைச் செய்திதான் வரும். கருவி ஏற்றுக்கொண்டாலும் இன்னொரு குறை உண்டு. நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்பட்ட படம் பால் முறையில் 25 சட்டங்களாக ஓட்டப்படுவதால், 95 நிமிடப் படம் 91 நிமிடங்களில் முடிந்துவிடும். சுருதி திருத்தப்படாத வட்டில் ஃபால்க்கின் கரகரத்த குரல் சற்று மெலிந்தும் ஒலிக்கும். அந்தக் குரலைப் பல்லாண்டுகளாகக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே தெரியும். இவற்றோடு, 20 கனடிய டாலருக்கு மேற்பட்ட அஞ்சல் பொதிக்கு வரியும் கையாளும் கட்டணமும் சேரும் என்பதால், மலிவு என்று நினைத்தது மலிவாக இராது.

அமெரிக்க வெளியீடுகள் கனடாவில் தடையின்றி ஓடும். ப்ளூ-ரேயிலும் இரு நாடுகளும் ஒரே ஏ மண்டலம்தான். உறையில் 1989 முதல் 2003 வரை என்ற ஆண்டுகள் இருக்கின்றனவா என்று மட்டும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஏபிசி ஒளிபரப்பியவை மொத்தம் 24 படங்கள். 'முழுத் தொகுப்பு' என்ற சொல்லை நம்பி வாங்கியவர்கள், 1970-களின் பகுதிகளே மறுபடியும் கைக்கு வந்து ஏமாந்ததுண்டு.

தரத்தைப் பொறுத்தவரை, பழையவற்றுக்கு இவை ஒட்டுமொத்தமாக ஈடாகா என்பதை மறைக்க விரும்பவில்லை. 1989-இல் 61 வயதில் திரும்பி வந்த ஃபால்க், கடைசிப் படம் 2003-இல் வந்தபோது 75 வயதை எட்டியிருந்தார். கொலையாளி யாரென்று முதலிலேயே காட்டிவிட்டு, அவர் எப்படிச் சிக்குகிறார் என்று காத்திருக்க வைப்பதே இத்தொடரின் உயிர். 1992-இல் வந்த 'நோ டைம் டு டை' அதைக் கைவிட்டு, ஒரு மணப்பெண் கடத்தலைத் துரத்துகிறது. என்னால் அதை கொலம்போ படமாக ஏற்க முடியவில்லை. ஆனால், 1990-இல் வந்த 'அஜெண்டா ஃபார் மர்டர்' ஒன்றுக்காகவே இத்தொகுப்பை வாங்கலாம். பேட்ரிக் மெகூகன் அதை இயக்கி, கொலையாளியான வழக்கறிஞராகவும் நடித்தார். அவருக்கும் ஃபால்க்குக்கும் அதற்காக அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருது கிடைத்தது. பாதி கடித்து வைத்த பாலாடைக்கட்டித் துண்டை கொலம்போ உற்றுப் பார்க்கும் பொறுமை, பழைய நாட்களில் இருந்த அதே பொறுமைதான். ஃபால்க்கே எழுதி, ஃபே டனவே உடன் நடித்த 1993-ஆம் ஆண்டின் 'இட்ஸ் ஆல் இன் த கேம்' படமும் எனக்கு மிகவும் பிடித்தது. துப்பறிபவரின் மனத்தில் இரக்கம் இந்த அளவுக்குக் குறுக்கிடுவதை வேறெந்தப் பகுதியிலும் நான் பார்த்ததில்லை.

பரிசைத் தாள் சுற்றிக் கட்டுவதற்கு முன்பே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஒவ்வொரு வட்டையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் தந்தையாருக்கு மெகூகனை 1970-களின் பகுதிகளிலிருந்தே தெரிந்திருக்கும். ஆகவே முதல் மாலையில் 'அஜெண்டா ஃபார் மர்டர்' படத்தையே போட்டுக் காட்டுங்கள்.