லாடம் அடித்த இரண்டாம் நாள் நொண்டும் சுமைக் குதிரை

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குக் காபித் தோட்டம். மூட்டை இறக்க ஒரு குதிரை உண்டு. லாடம் அடிப்பவர், தாத்தா காலத்திலிருந்தே ஊட்டி ரேஸ் குதிரைகளுக்கு அடித்துவந்த குடும்பம். முந்தாநாள் அடித்தார், இன்று முன்னங்கால் நொண்டுகிறது. ரேஸ் குதிரைக்குப் போடும் லேசான லாடம் கேட்டோம், மறுத்துவிட்டார். இரும்பு லாடத்தைத் தேயும்வரை விட்டுவைக்கலாமா?

பதில்: முதலில் மூட்டை ஏற்றுவதை நிறுத்துங்கள். லாடம் அடித்த ஓரிரு நாளில் நொண்டினால் ஆணியைத்தான் சந்தேகிக்க வேண்டும். குளம்பைத் தூக்கிப் பார்த்தால் வெளிச்சுவரும் அடிப்பகுதியும் சேருமிடத்தில் வெளிறிய கோடு தெரியும். ஆணி அதற்கு உள்ளே போகக் கூடாது. உள்ளே இருப்பது உயிருள்ள சதை. சதையைக் குத்தாமல் பக்கத்தில் இறங்கி அழுத்தினாலும் வலி எடுக்கும், அதுவும் தாமதமாகத் தெரியும். அடிக்கும்போது குதிரை காலை இழுத்தால் கைதேர்ந்தவருக்கும் இது நேரும். அதனால் கோபப்படாமல் இன்றே அவரைக் கூப்பிடுங்கள். ஆணிகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டட்டும். எதைத் தட்டும்போது குதிரை வெடுக்கென்று காலை இழுக்கிறதோ, அதைப் பிடுங்கிவிட வேண்டும். ஆணி ஈரமாக, நாற்றத்தோடு வந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கும். கால்நடை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். துளையை அடைக்காமல் போவிடோன் அயோடின் விட்டுக் கழுவி, கட்டுப் போட்டு, காய்ந்த தரையில் நிறுத்துங்கள். டெட்டனஸ் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். குதிரைக்கு அந்த நோய் மிக எளிதில் வரும், வந்தால் பிழைப்பது அரிது.

ரேஸ் லாடத்தை அவர் மறுத்தது சரிதான். அது அலுமினியம், இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை. புல்தரை ஓட்டத்துக்கு நல்லது. மூட்டையோடு கல்பாதையில் இறங்கும் குதிரைக்குச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

தேயும்வரை விடுவதும் கூடாது. லாடம் தேயாவிட்டாலும் குளம்பு மாதத்துக்கு முக்கால் சென்டிமீட்டர் அளவு வளரும். முன்பக்கம் நீண்டு, லாடமும் முன்னே நகர்ந்து, குதிகால் தாங்கலில்லாமல் போகும். இறக்கத்தில் பாரம் முழுக்கத் தசைநாரில் விழும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குளம்பைச் செதுக்கி, லாடம் நன்றாக இருந்தால் அதையே திரும்ப அடிக்கலாம்.

ஊட்டி ரேஸ் மைதானத்தை 2024-ல் அரசு எடுத்துக்கொண்டது. சீசன் வேலையை நம்பியிருந்த இப்படிப்பட்ட குடும்பங்களை நாம் விட்டுவிடக் கூடாது. அக்கம்பக்கத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரே நாளில் வரவழையுங்கள். அவருக்கும் மலையேறி வருவது கட்டுப்படியாகும்.