அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டு நடந்த முக்கியமான நிகழ்வுகள் எவை?

பிள்ளைக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் என்று நினைக்கிறேன். "ஒரு வருஷத்தை எடுத்து ஐந்து நிகழ்வு எழுது" என்று தாள் கொடுத்து அனுப்புவார்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு அது நம் தலையில் வந்து விழும். என் மகளுக்கும் வந்தது. அந்த அவசரம்தான் என்றால் இதை எழுதிக்கொள்ளுங்கள்: பிப்ரவரி 21 கறுப்பர் உரிமைக்காகப் போராடிய தலைவர் மால்கம் எக்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். ஜூன் 3 எட் ஒயிட் ஜெமினி 4 கலத்தை விட்டு வெளியே வந்து விண்வெளியில் மிதந்தார், அமெரிக்கர்களில் அவர்தான் முதல். ஜூலை 30 மெடிகேர் சட்டம், அதாவது முதியோருக்கு அரசு மருத்துவக் காப்பீடு, முதல் அட்டை முன்னாள் அதிபர் ட்ரூமனுக்கு. ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் வாட்ஸ் பகுதியில் கலவரம், 34 பேர் செத்தார்கள். நவம்பர் 9 சாயங்காலம் நியூயார்க் உட்பட வடகிழக்கில் கரண்ட் போய் சுமார் 3 கோடிப் பேர் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து ஆயிற்று.

இனி எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

நான் சில வருஷம் அலபாமாவில் மான்ட்கமரியில் வேலை பார்த்தேன். 2014-இல் அப்பா மதுரையிலிருந்து வந்திருந்தார். அந்த ஊரில் அவருக்குக் காட்ட பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு சனிக்கிழமை செல்மாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மணி நேர டிரைவ்தான். அங்கே அலபாமா ஆற்றின் மேல் எட்மண்ட் பெட்டஸ் பாலம். பெட்டஸ் யார் என்றால், கறுப்பர்களை அடிமையாக வைத்திருக்கப் போரிட்ட தென் மாநிலப் படையின் தளபதி. பேர் இன்னும் அதேதான்.

போட்டோவில் பார்த்தால் தெரியாது, அந்தப் பாலம் நடுவில் மேடாகத் தூக்கியிருக்கும். ஊர்ப்பக்கமிருந்து ஏறும்போது வானமும் இரும்பு வளைவும்தான் தெரியும், அக்கரை தெரியாது. நடைபாதை குறுகல், பக்கத்திலேயே லாரிகள் போகும். அப்பாவுக்கு முட்டிவலி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். உச்சிக்கு வந்ததும் நின்று மூச்சு வாங்கினார். அப்புறம் அக்கரையைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இங்க வந்து நின்னப்புறம்தானே அந்தப் பக்கம் போலீஸ் நிக்கிறதே தெரிஞ்சிருக்கும்?" என்றார். அதுவேதான் நடந்தது. 1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுரிமை கேட்டு சுமார் 600 பேர் அந்த மேட்டில் ஏறினார்கள், முன்வரிசையில் போராட்டத் தலைவர்களில் ஒருவரான 25 வயது ஜான் லூயிஸ். உச்சியிலிருந்து பார்த்தால் கீழே நீலச் சட்டையில் மாநிலப் போலீஸ், குதிரைமேல் ஷெரிஃபின் ஆட்கள். கண்ணீர்ப்புகை, தடியடி. லூயிஸுக்கு மண்டையோட்டில் விரிசல்.

அப்பா கேட்ட அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "பாத்தப்புறம் திரும்பியிருக்கலாமே, ஏன் திரும்பல?" அப்பாவுக்கு 1965 என்றால் இந்தி எதிர்ப்பு. பி.யூ.சி. படிக்கும்போது ஊர்வலத்தில் போய் லத்தியடி வாங்கியவர். "நாங்க ஓடிட்டோம்" என்று சொல்லிவிட்டு தண்ணீர் கேட்டார்.

செல்மாவுக்கும் மான்ட்கமரிக்கும் நடுவில் லவுண்ட்ஸ் என்று ஒரு கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள், ஆனால் 1965 தொடங்கும்போது வாக்காளர் பட்டியலில் ஒரே ஒரு கறுப்பர் பேர்கூட இல்லை. பேரைப் பதியப் போனால் சட்டத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து வாசித்து விளக்கச் சொல்வார்கள், பாஸா பெயிலா என்பது அந்த கிளார்க்கின் இஷ்டம். பாலத்தில் நடந்த அடிதடியை அன்றிரவே நாடு முழுக்க டி.வி.யில் பார்த்தது. கோர்ட் அனுமதியோடு மார்ச் 21 மறுபடி கிளம்பி, 54 மைல் நடந்து, 25-ஆம் தேதி மான்ட்கமரியில் சேர்ந்தபோது கூட்டம் 25,000. ஆகஸ்ட் 6 வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. (வியட்நாமை விட்டுவிட்டாயே என்று யாராவது வருவதற்கு முன்: பாலத்தில் அடி விழுந்த மறுநாள், மார்ச் 8, வியட்நாமின் டா நாங்கில் 3,500 அமெரிக்க மரீன் படையினர் இறங்கினார்கள். வியட்நாமுக்குப் படை அனுப்பத் தெரிந்த அதிபருக்கு செல்மாவுக்கு அனுப்பத் தெரியவில்லையா என்று லூயிஸே கேட்டார்.)

சரி, இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு? அதே வருஷம் அக்டோபர் 3 இன்னொரு கையெழுத்து விழுந்தது, குடியேற்றச் சட்டம். அதற்கு முன் இந்தியாவுக்கு ஒதுக்கீடு வருஷத்துக்கு 100 பேர். ஒரு டவுன் பஸ்ஸில் நெருக்கி ஏற்றினால் அடங்கிவிடும். சட்டத்துக்குப் பிறகு ஒரு நாட்டுக்கு 20,000 வரை. சுதந்திர தேவி சிலையடியில் கையெழுத்துப் போட்ட அதிபர் ஜான்சன், இது ஒன்றும் புரட்சி இல்லை, லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கையைத் தொடப்போவதில்லை என்றார். இந்தியர்கள் நிறைந்த நியூஜெர்சி எடிசன் நகரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங் தேடியவர்களுக்குத் தெரியும் அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று.

செல்மா போவதற்கு ஒரு மாதம் முன் நண்பர் வீட்டு விருந்தில், பிரியாணி தட்டோடு, "நாம யார்கிட்டயும் கையேந்தல, மூளையால வந்தோம், இவங்கதான் எப்பப் பாரு கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று ஒருவர் சொன்னார். 'இவங்க' யார் என்று சொல்லத் தேவையில்லை. நானும் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். அடுத்த விருந்தில் அதே பேச்சு வந்தபோது 100-ஐயும் 20,000-ஐயும் சொன்னேன், சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது, அதோடு அந்த வீட்டு அழைப்பு நின்றது. நம் படிப்பும் உழைப்பும் பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு சட்டம், குடியேற்றச் சட்டத்துக்குக் கென்னடி காலத்திலிருந்தே முயற்சி நடந்தது, அதுவும் தெரியும். ஆனால் நிறத்தையும் பிறந்த ஊரையும் பார்த்து ஆளை வாசலில் நிறுத்துவது வெட்கக்கேடு என்று அந்த நாடாளுமன்றத்துக்கு உறைக்க வைத்தவர்கள் யார்? நாமா?

இன்னொன்று. வாசல் திறந்தது, வரிசை நகரவில்லை. வேலை வழி கிரீன் கார்டு வருஷத்துக்கு சுமார் 1,40,000, அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான், ஐஸ்லாந்துக்கும் அதே, இந்தியாவுக்கும் அதே. என் மகளுக்கு 21 வயது ஆவதற்குள் என் முறை வருமா என்று மாதாமாதம் விசா புல்லட்டின், அதாவது வரிசை எதுவரை வந்தது என்று அரசு போடும் அறிவிப்பு, பார்க்கிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும், வயிற்றெரிச்சல்.

2020 ஜூலையில் லூயிஸ் இறந்தபோது அவர் உடலைக் குதிரை வண்டியில் வைத்து அந்தப் பாலத்தில் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் ரோஜா இதழ் தூவியிருந்தது, நம் ஊர் ஊர்வலம் மாதிரியே. வீடியோ லிங்க்கை அப்பாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது: "உச்சியில வண்டிய நிறுத்துனாங்களே, பாத்தியா?"