கோயிலில் தாராளம், வீட்டில் கடுகடுப்பு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மாமனார் அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுப்பவர். ஆனால் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் எரிந்து விழுகிறார். அந்த அம்மாவுக்குத் தனி டம்ளர் வேறு. இது வேஷம்தானே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேஷம் என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். 'நான் நல்லவன்' என்ற எண்ணத்துக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பு நாம் நம்புகிற அளவுக்கு வலுவானதல்ல. 111 ஆய்வுகளைச் சேர்த்து ஹெர்ட்ஸ், கிரெட்டனாவர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2016-ல் வெளியிட்ட கணக்கில் அந்தத் தொடர்பு 0.22; இரண்டும் முழுக்க ஒத்துப்போனால் அது 1 ஆக இருக்கும். ஆளுக்கு ஆள் நடத்தை மாறுவதில் சுமார் 5 சதவீதத்தைத்தான் இது விளக்கும்.

கார்ல் அக்வினோ, அமெரிக்கஸ் ரீட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002-ல் இந்த 'நான் நல்லவன்' எண்ணத்தை அளக்க ஓர் அளவுகோல் கொடுத்தார்கள். அக்கறை, இரக்கம், நியாயம், நேர்மை, உழைப்பு என்று 9 குணங்களைக் காட்டி 10 வாக்கியங்களுக்குப் பதில் கேட்பார்கள். 'இப்படி இருப்பது எனக்கு உயிர்' என்பது உள்பக்கம். 'நான் இப்படிப்பட்டவன் என்று ஊருக்குத் தெரிகிறது' என்பது வெளிப்பக்கம். அன்னதானத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. சமையலறையில் பார்க்க யாரும் இல்லை; அங்கே உள்பக்கம் மட்டும்தான் துணை.

அடுத்தது, அக்கறையின் வட்டம். யாரெல்லாம் 'நம்மவர்' என்பதில்தான் பலருடைய நல்ல குணம் நின்றுவிடுகிறது. அந்தத் தனி டம்ளர், வேலைக்கு வரும் அம்மாவை வட்டத்துக்கு வெளியே நிறுத்தும் கோடு. அதில் நீங்களே கை வைக்கலாம். நாளை முதல் எல்லோருக்கும் ஒரே டம்ளரில் காபி கொடுங்கள், விளக்கம் சொல்ல வேண்டாம்.

அவசரத்தையும் மறக்காதீர்கள். 1973-ல் டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். வழியில் சுருண்டு கிடந்தவருக்கு, அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். கடும் அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம்தான். மாமனார் எந்த நேரத்தில் எரிந்து விழுகிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். குளித்துக் கிளம்பும் பரபரப்பில் என்றால், அந்த அரை மணி நேரத்தில் அவர் அறைப் பக்கம் துடைப்பம் போகாதபடி வேலையை மாற்றி வையுங்கள்.

கேள்வி: நாலு வயசு மகளை 'நீ உதவுற பிள்ளை' என்று பாராட்டுவது நல்லதா?
– வாசகர், நெல்லை

பதில்: தொடங்கி வைக்க நல்லது. 2014-ல் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், 'உதவி செய்' என்று கேட்டதைவிட 'உதவுகிறவராக இரு' என்று கேட்டபோது கூடுதலாக உதவினார்கள். ஆனால் உதவப் போய்ச் சொதப்பினால் இதுவே திருப்பிக்கொள்ளும். 4, 5 வயதுப் பிள்ளைகளிடம் 2018-ல் வெளியான ஆய்வில், தோற்றுப்போனதும், 'உதவுகிறவராக இரு' என்று சொல்லப்பட்டவர்களே அதிகம் பின்வாங்கினார்கள். காரணம் புரிகிறதுதானே? வேலை கெட்டால் 'நான் அப்படிப்பட்டவள் இல்லையோ' என்று பிள்ளைக்குத் தோன்றிவிடுகிறது. அதனால் டம்ளரைத் தூக்கி வரும்போது பால் கொட்டினால் 'இதுதான் உதவுற லட்சணமா' என்று மட்டும் கேட்காதீர்கள். துணியைக் கையில் கொடுத்து, 'நீ அந்தப் பக்கம் துடை, நான் இந்தப் பக்கம்' என்று கூடவே உட்காருங்கள். செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்: 'பாட்டி கேக்கறதுக்கு முன்னாடியே தண்ணி கொண்டு வந்தியே!'

கேள்வி: என் நல்ல குணங்களை எழுதித் தினமும் படித்தால் மாறுவேனா?
– வாசகர், ஓசூர்

பதில்: குணப்பட்டியலை நம்பாதீர்கள். 2009-ல் அமெரிக்காவில் தங்களைப் பற்றி நல்ல சொற்களால் எழுதியவர்கள் சராசரியாக 1.07 டாலர் நன்கொடை தர முன்வந்தார்கள். கெட்ட சொற்களால் எழுதியவர்கள் 5.30 டாலர். பின்னர் இன்னும் பலரை வைத்துச் செய்தபோது அதே முடிவு கிட்டவில்லை. ஆகவே இதை விதியாக எடுக்க வேண்டாம். பட்டியலுக்குப் பதில், இடமும் நேரமும் ஆளும் சேர்த்து ஒரே வரி எழுதுங்கள்: 'இரவு டெலிவரி தம்பி வந்தால், போனைக் கீழே வைத்துவிட்டு முகம் பார்த்து வாங்குவேன்.' அது பழகிய பிறகு அடுத்த வரி.