டெபாசிட் கட்டாதீர்கள், மணியை நனைத்துப் பாருங்கள்

கேள்வி: கரூரில் வசிக்கிறேன். பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவனுக்கு இரண்டரை வயது. அவன் தூங்கும் நேரத்திலும் ராத்திரி சமையலறை ஒழிந்த பிறகும் கல் மணிகளில் மாலை, பிரேஸ்லெட் கோர்த்துத் தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். போன மாதம் ஒரு அக்கா வாங்கிய பவள மாலை வியர்வையில் சாயம் விட்டு அவருடைய வெள்ளை ரவிக்கை சிவப்பாகிவிட்டது. சரம் 350 ரூபாய்க்கு வாங்கிய மணி அது. கடைக்காரர் அசல் பவளம் என்றார், பாலில் போட்டுப் பார்த்தேன், பால் லேசாகச் சிவந்தது, அதனால் நம்பினேன். இப்போது ஒரு ஏஜென்ட், 20,000 ரூபாய் டெபாசிட் கட்டினால் சான்றிதழோடு ‘ஏ கிரேடு’ மணி தருவதாகவும், கோர்த்த மாலைகளை அவர்களே வாங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார். 5,000 ரூபாய்க்கு ஜிஎஸ்டி நம்பரும் எடுத்துத் தருகிறாராம். சேரலாமா? என்னிடம் மீதியிருக்கும் டர்க்காய்ஸ், ஜேட், ஸ்படிகம், ஓனிக்ஸ் சரங்களை வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?

பதில்: சேராதீர்கள். கல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மணியில் ஏமாந்தால் சில நூறு ரூபாய் போகும், இதில் 20,000 போகும்.

கோர்க்கும் வேலை கொடுப்பவர் உங்களுக்குக் கூலி தர வேண்டியவர், உங்களிடம் பணம் வாங்க வேண்டியவர் அல்ல. விலையுயர்ந்த மணியைக் கொடுத்து வைக்கிறோமே, அதற்குப் பாதுகாப்பாகத்தான் டெபாசிட் என்று விளக்கம் சொல்வார்கள். உண்மையாகவே வேலை கொடுக்கும் வியாபாரி முதலில் இரண்டு சரம் கொடுத்து, உங்கள் கை எப்படி என்று பார்த்துவிட்டு, பிறகு பத்து சரம் கொடுப்பார். டெபாசிட் ஆட்களின் வழி வேறு. முதல் தடவை கொடுத்த மாலைகளை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு கூலியும் கொடுப்பார்கள், அந்த நம்பிக்கையில் நீங்கள் இன்னும் பெரிய தொகை கட்டுவீர்கள், நாத்தனாரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துவிடுவீர்கள், அதற்குப் பிறகு வரும் தவணையில் ‘ஃபினிஷிங் சரியில்லை’ என்று அத்தனை மாலையும் திரும்பி வரும். தரம் சரியா இல்லையா என்பதை முடிவு செய்யும் உரிமை முழுக்க அவர்களுக்கே என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆளும் பத்து பொருத்தமும் பார்த்த மாதிரி மரியாதையாகப் பேசுபவராக இருப்பார், அதில் மயங்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏதாவது முன்பணம் அனுப்பியிருந்தால், செல்பேசி வழியாகவோ வங்கி வழியாகவோ போன பணத்துக்கு உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

ஜிஎஸ்டி விஷயமும் இதே கூட்டத்தின் வேலைதான். தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் விதி வேறு, அப்போது ஒரு நல்ல ஆடிட்டரிடம் போய்க் கேளுங்கள். பதிவு செய்வதற்கு அரசு கட்டணமே வாங்குவதில்லை, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் இலவசம். இலவசமாகக் கிடைப்பதை 5,000 ரூபாய்க்கு விற்க ஓர் ஆள் ஊர் ஊராக அலைய முடிகிறது என்றால், வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கு இதை யாரும் நேராக, தமிழில், ஒரு பக்கத்தில் சொல்லித் தரவில்லை என்றுதான் பொருள். எனக்கு இதில் கடுமையான கோபம் உண்டு.

சரி, மணிக்கு வருவோம்.

பால் சோதனையை இன்றோடு மறந்துவிடுங்கள். அசல் பவளம் பாலைச் சிவக்க வைக்கும் என்று ஜோசியம் பார்க்கும் இடத்திலிருந்து நகைக்கடை வாசல்வரை சொல்கிறார்கள், விஷயம் நேர் எதிரானது. அசல் சிவப்புப் பவளத்தின் நிறம் அதன் உடலோடு சேர்ந்தே வளர்ந்தது, பாலிலும் தண்ணீரிலும் அது இறங்காது. பால் சிவந்தால் மணியில் சாயம் இருக்கிறது, அவ்வளவுதான். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்க வேண்டும் என்ற சோதனையும் உங்களுக்கு உதவாது, ஏனென்றால் பவளத்துக்குப் பதிலாக விற்கப்படும் மூங்கில் பவளம் என்ற வெளிறிய கடல் பவளமும் கிளிஞ்சலும் அதே சுண்ணாம்புச் சத்துதான், அவையும் நுரைக்கும், போதாக்குறைக்கு மணியின் பளபளப்பும் போய்விடும்.

உங்கள் கைக்கு வந்தது பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஏற்றிய மூங்கில் பவளமாக இருக்கும். கடலில் விளைந்ததுதான், இயற்கைதான், நிறம் மட்டும் மனிதன் போட்டது. நகைக்கு விலைபோகும் சிவப்புப் பவளம் முக்கியமாக மத்தியதரைக் கடலில் எடுக்கப்பட்டு இத்தாலியில் பட்டை தீட்டப்படுவது, கிராம் கணக்கில் விலை பேசப்படுவது. சரம் 350 ரூபாய்க்கு அது வராது. விலையே உங்களுக்குச் சொன்ன சோதனை அது. இன்னொன்று, ‘நம்ம ராமேஸ்வரம் கடல் பவளம்’, ‘தூத்துக்குடி பவளம்’ என்று யாராவது கொண்டுவந்தால் கையால்கூடத் தொடாதீர்கள். பவளப்பாறைகளைக் கட்டும் உயிரினங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வாங்கினாலும் விற்றாலும் குற்றம்.

சாயம் இறங்குகிறதா என்று வீட்டில் பார்க்க இரண்டே சோதனைதான் சொல்கிறேன், அதற்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை. வாங்கிய ஒவ்வொரு சரத்திலும் ஒரு மணியைக் கழற்றி, உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் துணியில் நிறம் இருந்தால் அந்தச் சரம் தோலில் படும் மாலைக்கு ஆகாது. வியர்வை செய்யும் வேலையைத்தான் அந்த உப்புத் தண்ணீர் செய்கிறது. துணி வெள்ளையாகவே இருந்தால் அடுத்ததாக நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு, மணியின் துளை ஓரத்தில் தேயுங்கள், பஞ்சில் நிறம் ஒட்டினால் அது சாயம். அசிட்டோன் இல்லாத ரிமூவரும் கடையில் விற்கிறது, அது பயன்படாது, புட்டியைப் படித்து வாங்குங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே அடுப்பு இருக்கும் இடத்தில் வேண்டாம், ஜன்னலோரம் போய்ச் செய்யுங்கள். முத்து, பவளம், அம்பர் மீது அதைத் தடவவே கூடாது.

இதோடு ஒரு 10 மடங்கு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர்கள் லூப் என்பார்கள். மணியை விடத் துளையைப் பாருங்கள், கதை எல்லாம் துளையில்தான் இருக்கும். டர்க்காய்ஸ் என்று உங்களிடம் இருப்பது ஹவ்லைட் அல்லது மேக்னசைட் என்ற வெள்ளைக் கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றியதாக இருந்தால் துளைக்குள் வெளுப்புத் தெரியும். அப்படியும் சந்தேகம் தீரவில்லையா, ஒரே ஒரு மணியைத் தடித்த துணியில் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு, சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் மணி என்றால் 16 அங்குலச் சரத்தில் ஏறத்தாழ 50 இருக்கும், ஒன்று போனால் மாலைக்கு ஒன்றும் ஆகாது. ஜேட் சரத்தில் நிறம் சீராக இல்லாமல் வெடிப்புக் கோடுகளில் மட்டும் அடர்த்தியாகத் தேங்கியிருந்தால் அது பெரும்பாலும் சாயக் குவார்ட்ஸ், அதாவது சாயம் ஏற்றிய ஸ்படிக இனக் கல். சந்தையில் மலேசியன் ஜேட் என்று சொல்வது இதைத்தான், அதில் ஜேட் துளியும் இல்லை. ‘ஹைட்ரோ’ என்று முன்னால் ஒட்டிவரும் எமரால்டு, ரூபி எல்லாம் பெரும்பாலும் கண்ணாடி. ஓப்பலைட்டும் கண்ணாடி. ஸ்படிகத்தை லூப்பில் பார்க்கும்போது உள்ளே உருண்டையான காற்றுக் குமிழி தெரிந்தால் அதுவும் கண்ணாடிதான். குளிர்ச்சியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஸ்படிகத்தை முடிவு செய்யாதீர்கள், கண்ணாடியும் கையில் ஜில்லென்றுதான் இருக்கும்.

இங்கே ஒரு விதிவிலக்கை நிதானமாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னதைப் படித்துவிட்டு உங்கள் கருப்பு ஓனிக்ஸ் சரத்தைச் சாயம் என்று தூக்கிப் போட்டுவிடப் போகிறீர்கள். கடைகளில் கிடைக்கும் கருப்பு ஓனிக்ஸ் கிட்டத்தட்ட எல்லாமே நிறம் ஏற்றியதுதான். சாம்பல் நிற அகேட் வகைக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அதைச் சர்க்கரைக் கரைசலில் நாள்கணக்கில் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் இடுவார்கள். துளைகளுக்குள் புகுந்த சர்க்கரை அமிலத்தில் கருகி வெறும் கரியாகிவிடும். கல்லின் உள்ளேயே கரி படிந்துவிட்ட பிறகு அது தண்ணீரிலும் இறங்காது, வியர்வையிலும் இறங்காது, அசிட்டோனிலும் இறங்காது. ஜெர்மனியில் ஈடார்-ஓபர்ஸ்டைன் என்ற ஊர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த நிறமேற்றும் வேலைக்குப் பேர்போனது. ஆகவே கருப்பு ஓனிக்ஸில் நிறம் ஏற்றியிருக்கிறது என்பது குறையே அல்ல, அந்தக் கல்லின் வழக்கமே அது. அகேட் மணிகளில் வரும் வேறு நிறங்களும் பல நேரம் இப்படி நிலைத்து நிற்கும், ஆனால் பளீரென்ற ரோஜாவும் ஊதாவும் வெயிலில் வெளுக்கலாம். அதற்குத்தான் ஈரத்துணிச் சோதனையை முதலில் வைத்தேன்: சாயம் இருக்கிறதா என்பதைவிட, சாயம் இறங்குகிறதா என்பதே உங்கள் வாடிக்கையாளருக்கு முக்கியம். ஓனிக்ஸ் சரத்தை நனைத்துப் பாருங்கள், துணி வெள்ளையாக இருந்தால் நிம்மதியாகக் கோர்த்து விற்கலாம்.

ஏஜென்ட் காட்டும் ‘ஏ கிரேடு’ என்பதற்கும் சான்றிதழுக்கும் வருகிறேன். மணிச் சரங்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட கிரேடு முறை கிடையாது. ஒரு ஏ, மூன்று ஏ என்பதெல்லாம் விற்பவர் தன் இஷ்டத்துக்குப் போடுவது. சான்றிதழ் அட்டையில் ‘நேச்சுரல்’ என்று இருப்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், சாயம் போட்ட குவார்ட்ஸும் நேச்சுரல் குவார்ட்ஸ்தான். சிகிச்சை (கல்லுக்குச் சாயம் மாதிரி என்ன செய்தார்கள் என்பது) அல்லது குறிப்பு என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது, அட்டையில் உள்ள எடையும் படமும் உங்கள் கையில் இருக்கும் அதே சரத்துடையதா என்று பாருங்கள். ஒரு சரத்துக்கு வாங்கிய அட்டையை நகலெடுத்து நூறு சரத்தோடு கொடுப்பது நடக்கிறது. தங்கத்துக்கு 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது, ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாள எண் வந்துவிட்டது, அதே கடையில் அந்தத் தங்கத்தோடு கோர்த்திருக்கும் கல்லுக்குக் கட்டாய முத்திரை எதுவும் இல்லை. ஹால்மார்க் உலோகத்தின் சுத்தத்தை மட்டுமே சொல்கிறது, கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. கல் வாங்குபவரையும் கோர்ப்பவரையும் இப்படி நட்டாற்றில் விட்டுவைத்திருப்பது நியாயமே இல்லை.

அதனால் உங்களுக்கு ஒரே காவல் பில்தான். அடுத்த முறை சௌகார்பேட்டையில் வாங்கினாலும் ஜெய்ப்பூரிலிருந்து கூரியரில் வரவழைத்தாலும், கல்லின் பெயர், சாயம் ஏற்றியதா இல்லையா, இரண்டையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அசல் என்று வாய் நிறையச் சொல்பவர் எழுதத் தயங்கினால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். பில் கையில் இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும். அங்கே முதல் கேள்வியாக, நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், அதனால் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார், பயப்படாதீர்கள். தன் பிழைப்புக்காகச் சுயதொழிலில் மட்டும் பயன்படுத்த வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்து வழி கேட்கலாம். இதைக்கூடச் சொல்லாமல் ‘வக்கீல் வைத்துக்கொண்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன, அங்கிருந்து பேசாமல் திரும்பி வந்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டரை வயதுப் பிள்ளை இருக்கும் வீடு என்பதால் சொல்கிறேன். மாலையைப் பூட்டும் காந்தக் கொக்கியான மேக்னட் லாக் எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மணியை விழுங்கினால் மூச்சுக்குழாயில் அடைக்கும் ஆபத்து உண்டு, காந்தம் அதைவிடக் கொடியது: இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சாதாரணக் கொக்கியே போதும். விளிம்பு போட்ட தாம்பாளத்தில் துண்டு விரித்து அதன் மேல் வைத்துக் கோருங்கள், மணி உருண்டோடாது, அவன் எழுந்து வந்தால் தாம்பாளத்தோடு தூக்கி அலமாரிக்கு மேல் வைத்துவிடலாம். துளை சிறியதாக இருக்கிறது என்று வீட்டில் டிரில் போடாதீர்கள், குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்கு விஷம். எடை கூடிய மாலைக்கு நைலான் நரம்பு வேண்டாம், கியர் வயரும் (பிளாஸ்டிக் பூசிய மெல்லிய எஃகுக் கம்பி) கியர் லாக்கும் (அதை நசுக்கிப் பூட்டும் சிறு மணி) போடுங்கள். முத்துக்கு மட்டும் பட்டுநூலில் மணிக்கு மணி முடிச்சு.

அந்த அக்காவுக்கு மாலைப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், ரவிக்கைக்கும் ஏதாவது கொடுங்கள், பவளம் என்று சொல்லி விற்றது நீங்கள்தான், உங்களுக்கும் தெரியாமல் நடந்தது என்றாலும் அவருக்கு அது நியாயம். அந்தச் சிவப்புச் சரத்தில் மீதி இருந்தால் ‘சாயம் ஏற்றிய மூங்கில் பவளம்’ என்று சீட்டு எழுதி, தோலிலும் துணியிலும் படாத சாவிக்கொத்து, வாசல் தோரணம் மாதிரிப் பொருளுக்குப் பயன்படுத்துங்கள். டர்க்காய்ஸ் சரத்தில் துளைக்குள் வெளுப்புத் தெரிந்தும், அது ஈரத்துணிச் சோதனையில் தேறிவிட்டால் ‘நிறமேற்றிய ஹவ்லைட்’ என்று உள்ளதைச் சொல்லியே விற்கலாம். அந்த நீலம் பிடித்து வாங்குபவர்கள் பெயரைக் கேட்டு ஓடிவிட மாட்டார்கள், விலையை மட்டும் அதற்குத் தக்கபடி வையுங்கள்.