சொல்லாததைச் சொல்ல வைத்துவிட்டு 'எடிட்டிங்' என்று வாதாட முடியாது

கேள்வி: கும்பகோணத்தில் பட்டுச்சேலைக் கடை நடத்துகிறோம். எங்களிடம் 8 ஆண்டுகள் விற்பனைப் பிரிவில் இருந்த பெண்ணை வைத்து முன்பு ஒரு விளம்பர வீடியோ எடுத்தோம். அவருடைய சம்மதக் கடிதம் இருக்கிறது. இப்போது அவர் போட்டிக் கடையில் வேலை பார்க்கிறார். சித்திரை விற்பனைக்காக அதே வீடியோவில், 'என் தங்கை கல்யாணத்துக்கும் இங்கேதான் பட்டு எடுத்தேன்' என்று அவர் குரலிலேயே பேசுவதுபோல ஏஐ மூலம் மாற்றி வெளியிட்டோம். சமூக ஊடகத் தளம் அதை நீக்கிவிட்டது. அவரோ 5 லட்சம் ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அவருடைய தம்பியின் படிப்புக்குக்கூட நாங்கள் பணம் கொடுத்திருக்கிறோம். எங்கள் வீடியோவை நாங்கள் திருத்தியதற்கு ஏஐ முத்திரை எதற்கு? அவர்மீது வழக்குப் போடலாமா?

பதில்: தம்பியின் படிப்புச் செலவையும், அவர் போட்டிக் கடைக்குப் போனதையும் ஒதுக்கி வையுங்கள். நன்றி மறந்ததற்கு எந்த நீதிமன்றத்திலும் பரிகாரம் கிடையாது. உங்கள் கடிதத்தில் சட்டம் கவனிக்கும் செய்தி ஒன்றே ஒன்று: அவர் சொல்லாத வாக்கியத்தை அவர் முகத்தோடும் குரலோடும் வெளியிட்டிருக்கிறீர்கள்.

ஏஐ மூலம் உருவாக்கிய காட்சிக்கும் குரலுக்கும் 'இது ஏஐ' என்று காட்டும் முத்திரை வேண்டும் என்று, 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் 2026 பிப்ரவரி 20 முதல் அமலில் இருக்கிறது. நிறத்தைச் சரிசெய்வது, இரைச்சலை நீக்குவது போன்று பொருள் மாறாமல் நல்லெண்ணத்தோடு செய்யும் வழக்கமான திருத்தங்களுக்கு விலக்கு உண்டு. புதிதாக ஒரு வாக்கியத்தைப் பேச வைத்தது அந்த விலக்கில் அடங்காது. 2025 அக்டோபரில் வந்த வரைவில், முத்திரை திரையில் 10 சதவீத இடத்தை அடைக்க வேண்டும் என்று இருந்தது. இறுதி விதியில் அந்த அளவு இல்லை. அதனால் முத்திரையே வேண்டாம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு, பார்ப்பவர் கண்ணில் தெளிவாகப் பட வேண்டும் என்ற கடமை அப்படியே இருக்கிறது. சம்மதக் கடிதம் அன்று அவர் பேசியதற்குத்தான் செல்லும்.

இனி உங்களுக்கு உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். இந்த விதிகள் கடமைகளைத் தளங்களின்மீதுதான் சுமத்துகின்றன. உங்களைப் போன்ற பயனாளருக்கு நேரடி அபராதம் எதுவும் அவற்றில் இல்லை. இதைக் கேட்டவுடன் கட்சிக்காரர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள தளங்கள், 'இது ஏஐ உருவாக்கியதா?' என்று பதிவேற்றுபவரிடம் கேட்டாக வேண்டும். உங்கள் கணக்கில் 'இல்லை' என்று பதில் போயிருந்தால், அதை அழுத்தியது விளம்பர ஏஜென்சியா, கடைப் பையனா என்பது பிறகு வரும் பேச்சு. 'தெரியாமல் நடந்துவிட்டது' என்ற உங்கள் வாதத்தை அந்த ஒரு பதிவு உடைத்துவிடும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66டி கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் போலி மின்னணு ஆவணத்துக்குப் பிரிவு 336, அவதூறுக்கு 356. இவையெல்லாம் நிரூபணமாகுமா என்பது வேறு கேள்வி. புகாரில் எழுதுவதற்கு அந்த 'இல்லை' போதும்.

அடுத்தது, நோட்டீஸ் வந்த பிறகு செய்யும் காரியங்கள். வீடியோவை வேறு கணக்கில் மறுபடி ஏற்றாதீர்கள். முத்திரை இல்லாமல் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பாதீர்கள். எதையும் அழிக்கவும் வேண்டாம். 'அந்த ஃபைலை டெலீட் பண்ணிடுங்க' என்று ஏஜென்சிக்கு அனுப்பிய ஒரே வரி எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாக வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். நீதிமன்றம் கேட்கக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது நியாய சன்ஹிதாவின் பிரிவு 241-இன்படி தனிக் குற்றம். சிறிய தவறைப் பெரிய வழக்காக்குவது பெரும்பாலும் இந்தப் பதற்றம்தான். பதில் நோட்டீஸில் 'வெறும் எடிட்டிங்' என்று எழுதவும் வேண்டாம். எழுதிவிட்டால் கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

அவர்மீது போட உங்களுக்கு வழக்கு இல்லை. சமரசமாகப் போங்கள். இப்போது சம்பளம் கொடுக்கும் முதலாளியின் முன்னால், பழைய கடையைப் புகழும் வீடியோவோடு அந்தப் பெண் நிற்க வேண்டியிருக்கிறது. அவருடைய இழப்பு உண்மையானது என்பதை நீங்கள் மனதார ஏற்க வேண்டும். 5 லட்சம் பேச்சுவார்த்தையின் தொடக்கத் தொகை, அது குறையும். அதே கணக்கில் ஒரு விளக்கம், இனி அவர் உருவத்தையும் குரலையும் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதிமொழி, நியாயமான ஒரு தொகை: இவற்றை முன்வையுங்கள்.

ஒப்பந்தத்தில் 'போலீஸில் புகார் கொடுக்க மாட்டேன்' என்று மட்டும் எழுதி வாங்கிவிடாதீர்கள். குற்ற வழக்கைப் பணத்துக்கு அடக்கும் உடன்பாடு, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-இன்படி செல்லாது. பணமும் போய், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு காகிதமும் அவர் கையில் இருக்கும். இழப்பீட்டுக் கோரிக்கை முழுமையாகத் தீர்ந்தது என்று மட்டும் எழுதுங்கள். ஏஜென்சியிடம் நஷ்டத்தைக் கேட்பதெல்லாம் இது முடிந்த பிறகு; அதுவரை அவர்களுடைய பில்லையும் மூலக் கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள்.