ஆய்வகத்தில் வளர மறுக்கும் மண் பாக்டீரியாவைச் சிறு கருவியில் வளர்ப்பது எப்படி?

மண் பாக்டீரியாக்களில் சுமார் 1 சதவீதம்தான் பெட்ரி தட்டில் (ஆய்வகத்தில் நுண்ணுயிர்களை வளர்க்கும் தட்டு) வளரும் என்கிறார்களே, மற்றவற்றை ஆராய என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பெரிதும் கவர்ந்த வழி, பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவா எப்ஸ்டைன், கிம் லூயிஸ் ஆகியோரின் குழுக்கள் உருவாக்கிய 'ஐசிப்'.

விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு. அதில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நூற்றுக்கணக்கான துளைகள். மண்ணை நீரில் கரைத்து, துளைக்குச் சராசரியாக ஒரு செல் விழும் அளவுக்கு நீர்க்கச் செய்து, இளக்கிய அகார் என்ற ஜெல்லியுடன் கலந்து அதில் தகட்டை முக்குகிறார்கள். பிறகு இருபுறமும் மெல்லிய சவ்வு ஒட்டி, அதே மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். சவ்வின் நுண்துளை வழியே சத்துகளும் அண்டை உயிர்கள் சுரக்கும் வேதிப்பொருட்களும் உள்ளே வரும். பாக்டீரியா வெளியேற முடியாது. ஆய்வகத்தில் நாம் தயாரித்துத் தர முடியாதவை, மண்ணிலிருந்து வரும் இந்தப் பொருட்கள்தாம். அதனால்தான் கிட்டத்தட்ட பாதி செல்கள்வரை வளர்ந்தன. ஒருமுறை கூட்டமாகப் பெருகியபின் அவற்றில் பல, தட்டிலும் வளரப் பழகிக்கொள்கின்றன என்பது கூடுதல் நன்மை.

அமெரிக்காவின் மெய்ன் மாநில மண்ணிலிருந்து இப்படிக் கிடைத்ததுதான் எலெஃப்தேரியா டெர்ரே என்ற பாக்டீரியா. அது சுரக்கும் டெய்க்ஸோபாக்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 2015இல் அறிவிக்கப்பட்டது. பாக்டீரியாவின் செல்சுவருக்கான மூலப்பொருளையே அது பிடித்துக்கொள்கிறது. எனவே எதிர்ப்புத்திறன் எளிதில் உருவாவதில்லை. காசநோய்க் கிருமியையும் கொல்கிறது. ஆனால் ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் வகைகளை (செல்சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு உள்ள பாக்டீரியாக்கள்) அந்த வெளிச்சவ்வு காத்துவிடுகிறது.