பின்னி மில்லும் புளியந்தோப்பும்

அன்புள்ள ஐயா,
வியாசர்பாடியை வைத்து ஒரு குறும்படம் எடுக்கப்போகிறேன். நான் கோவைக்காரன். மெட்ராஸ் பாஷை எங்கே போனால் சரியாகக் காதில் விழும்? கானா, கேரம், பாக்சிங் எல்லாம் கதையில் இருக்கிறது. உழைப்பாளிகளின் பகுதி என்பதால் அங்கே சாதி பார்க்காமல் ஒன்றாக வாழ்ந்தார்கள் என்று காட்ட ஆசை.
கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,
பாஷைக்கு ஒரு டீக்கடை போதும், நீங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால். கேரம் போர்டு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தக் கடைசி வரியை எந்த தைரியத்தில் எழுதினீர்கள்? கொஞ்ச நாளாகவே இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் திட்டு உங்களுக்கு விழுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1918 ஏப்ரலில், வியாசர்பாடிக்குப் பக்கத்துப் பெரம்பூரில், பின்னி மில் ஆட்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, வாடியா, திரு.வி.க. என்று பெயர்கள் வரிசையாக வரும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் என்ற குறையில் தொடங்கி, பின்னி கம்பெனி கோர்ட்டுக்குப் போய் சங்கத்தின் மேல் தடை வாங்க, அந்தக் கொதிப்பு 1926ன் தொழிற்சங்கச் சட்டம் வரைக்கும் போனது. பெருமைதான். சரி, 1921?

அந்த வருடம் பின்னியின் கர்நாடிக் மில்லைத் தொடர்ந்து, ஜூனில் அதன் பக்கிங்ஹாம் மில்லும் ஸ்டிரைக்கில் இறங்கியபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி.ராஜாவும் ஸ்டிரைக் வேண்டாம் என்ற பக்கம்தான். கருங்காலி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். ஒரு வாரம் கூலி வராவிட்டால் அடுப்பு எரியாத வீடு, தன் சேரிக்குள் கால் வைக்கக்கூட யோசிக்கிற சக தொழிலாளி, இதையெல்லாம் வைத்துக்கொண்டு யாரை நம்பி அவர்கள் வெளியே நிற்பார்கள்? அவர்கள் குடியிருந்த புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். சில மாதங்களில் ஸ்டிரைக்கும் தோற்று முடிந்தது. ஒரே மெஷின், ஒரே சங்கு, ஒரே முதலாளி, அப்படியும் மில் கேட்டைத் தாண்டினால் அவனவன் தெருவுக்கு அவனவன்.

என் தாத்தா பின்னியில் ஸ்பின்னிங். ராத்திரி ஷிப்ட் முடிந்து ஓட்டேரி வீட்டுக்கு வந்தால் புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், ஆயா ஈரத்துண்டால் அதைத் துடைத்துவிட்டுத்தான் சோறு போடுவாள். அவ்வளவு பாசக்காரி, என்னைப் புளியந்தோப்பு பக்கம் மட்டும் விளையாட விடமாட்டாள். ஏன் என்றால், "அவங்க அன்னிக்கே வேலைக்குப் போனவங்கடா" என்பாள். அந்த ‘அன்னிக்கு’ அவள் பிறந்திருக்கவே இல்லை! 1996ல் மில்லையே மூடிவிட்டார்கள், இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். ஆயா சாகும்வரை அந்த ஸ்டிரைக்கை முடிக்கவில்லை.

அவளும் உழைப்பாளி வீட்டுப் பெண்தான் தம்பி. அவளை உங்கள் படத்தில் எங்கே வைப்பீர்கள்? ஒற்றுமையே இல்லை என்று நான் சொல்லவில்லை, 1918ல் இருந்ததே. எந்த இடத்தில் அது விட்டுப்போனது என்று காட்டுங்கள், அதைச் செய்ய இங்கே ஆள் இல்லை. கத்தி தூக்குகிறவனையும் கானா பாடுகிறவனையும் காட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஸ்கிரிப்டை அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன். பாக்சிங் சீனை எடுத்துவிட்டு அனுப்பினால் சீக்கிரமே படிப்பேன்.